கருத்துக் கேட்பது வேறு, கையெழுத்தைக் கொடுப்பது வேறு

ஆஸ்திரேலியாவில் இன்று எந்தக் கூட்டம் தொடங்கினாலும், பள்ளி ஆண்டு விழாவோ நகராட்சிக் கூட்டமோ, ஏன், மெல்பேர்னிலும் சிட்னியிலும் நடக்கிற நம் பொங்கல் விழாக்கள் பலவற்றிலும்கூட, ஒருவர் மைக்கைப் பிடித்து இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும் அவர்களுடைய மூத்தோருக்கும் மரியாதை செலுத்துவதாக இரண்டு வரி சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை. நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த மரியாதை அரசாங்க ஃபைல்களுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் குழந்தைகள் பாதுகாப்புத் துறையையும் சிறார் நீதித் துறையையும்தான் பார்க்க வேண்டும்.

எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியக் குழந்தைகளில் பூர்வகுடியினர், அதாவது அபோரிஜினல் மக்களும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் சேர்ந்து, 100க்கு 6 பேர் அளவில்தான். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் ஏற்பாட்டில் வேறு இடத்தில் வளரும் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 40க்கும் மேல். 1,000 பூர்வகுடிக் குழந்தைகளில் 50க்கும் மேற்பட்டோர் இப்படி வளர்கிறார்கள். மற்ற குழந்தைகளில் அது 1,000க்கு 5ஐச் சுற்றித்தான். சிறார் தடுப்பு மையங்களில் ஒரு சராசரி இரவில் இருக்கும் பிள்ளைகளில் 5க்கு 3 பேர் பூர்வகுடிகள். அந்த மையங்களில் தண்டனை பெற்று இருப்பவர்களைவிட, ஜாமீன் கிடைக்காமல் வழக்கு முடியக் காத்திருப்பவர்களே அதிகம்.

இதைப் பார்த்துவிட்டு “அந்தச் சமூகத்தில் பிள்ளை வளர்ப்பு சரியில்லை போலிருக்கிறது” என்று நினைப்பவர்கள் உண்டு, நம்மவர்களிலும் உண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

விக்டோரியா காலனி 1869இலேயே பூர்வகுடிப் “பாதுகாப்பு”ச் சட்டம் போட்டது. யார் எங்கே வசிக்கலாம், எங்கே வேலை பார்க்கலாம், குழந்தைகள் யாரிடம் வளர வேண்டும் என்பதையெல்லாம் ஒரு வாரியம் தீர்மானிக்கும். நியூ சவுத் வேல்ஸில் 1909இல் இதே மாதிரி. சிறுமிகளை வீட்டு வேலைக்குப் பழக்க கூட்டமுன்ட்ராவில் ஒரு விடுதி, சிறுவர்களுக்குக் கின்சேலாவில் இன்னொன்று. 1917இல், 13 வயதில், மார்கரெட் டக்கர் என்ற சிறுமியை அப்படித் தூக்கிக்கொண்டு போய் கூட்டமுன்ட்ராவில் விட்டு, அங்கே பழக்கி, சிட்னியில் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அவர் பிற்காலத்தில் மெல்பேர்னில் பூர்வகுடி உரிமை இயக்கத்தின் முக்கியமான தலைவர்களில் ஒருவரானார். அவருடைய மகள் மாலி டையர்தான் 1977இல் விக்டோரிய பூர்வகுடிக் குழந்தைகள் பராமரிப்பு முகமையைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். வாக்கா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் இனிமேல் அடிக்கடி வரப்போகிற பெயர். அரசு எடுத்துக்கொண்டு போன ஒரு பெண்ணின் மகள், அரசு இனி எடுக்கக் கூடாது என்று ஓர் அமைப்பைக் கட்டுகிறார். வேறு எந்த அறிக்கையைவிடவும் இந்தத் தாய், மகள் வரலாறு விஷயத்தை நேராகச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றும்.

(இதே காலத்தில் இதே பேரரசு நம் ஊரில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை வைத்திருந்தது. அதிலும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியிலும் சீர்திருத்தப் பள்ளியிலும் அடைக்க வழி இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பழைய கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஆஸ்திரேலியக் கதை அவ்வளவு அந்நியமாக இருக்காது.)

1910க்கும் 1970க்கும் இடையில் பூர்வகுடிக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரிலிருந்து பத்தில் ஒருவர் வரை வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டதாக 1997இல் வந்த தேசிய விசாரணை அறிக்கை சொன்னது. சர் ரொனால்ட் வில்சனும் மிக் டாட்சனும் நடத்திய விசாரணை அது. அதற்கும் முன்பே, 1991இல், காவலில் இறந்த பூர்வகுடியினர் பற்றிய ராயல் கமிஷன் அறிக்கை வந்திருந்தது. 99 சாவுகளை ஆராய்ந்தார்கள். அந்த 99 பேரில் 43 பேர் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். குழந்தைகள் பாதுகாப்பு ஒரு துறை, சிறை இன்னொரு துறை என்று அரசாங்கம் தனித்தனிக் கட்டிடத்தில் வைத்திருக்கலாம், மனிதர்கள் ஒரே ஆட்கள்தான் என்பது முப்பது வருடங்களுக்கு முன்பே பதிவாகிவிட்டது.

2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பலர் அழுதார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்றால், அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வீட்டுக்கு வெளியே வளரும் பூர்வகுடிக் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

யாரும் இப்போது இனத்தைச் சொல்லிப் பிள்ளையை எடுப்பதில்லை. ஃபைலில் “புறக்கணிப்பு” என்றும் “மனரீதியான துன்புறுத்தல்” என்றும் இருக்கும். இதில் உண்மையான ஆபத்தும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. விக்டோரியாவில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான முதல் ஆணையராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்கமஸ், 2014இலிருந்து இரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய 1,000 குழந்தைகளின் ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்து, துறை அதிகாரிகளையும் பூர்வகுடி அமைப்புகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பரிசீலித்தார். 100க்கு 88 குழந்தைகளின் பின்னணியில் குடும்ப வன்முறை இருந்தது. அடிக்கிறவர் எல்லா நேரமும் பூர்வகுடி ஆணாகவும் இல்லை. ஆனால் அதே ஃபைல்கள் இன்னொன்றையும் காட்டின. உடன்பிறந்தவர்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பெரும்பாலான குழந்தைகளின் வழக்கைப் பூர்வகுடி அல்லாத அமைப்புகளே கவனித்தன. தன் குலம் எது, ஊர் எது என்று தெரியாமலேயே பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆபத்திலிருந்து எடுத்தது சரி என்றே வைத்துக்கொள்வோம், எடுத்த பிறகு செய்தது என்ன என்ற கேள்விக்குத் துறையிடம் பதில் இல்லை.

இங்கே ஒரு விஷச் சுழல் இருக்கிறது. கணவனோ துணைவனோ அடிக்கிறான் என்று ஒரு தாய் போலீஸைக் கூப்பிட்டால், வீட்டில் குழந்தை இருப்பதால் தகவல் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கும் போகும். அவர்கள் வந்து, குழந்தையை வன்முறையிலிருந்து காப்பாற்ற இந்தத் தாயால் முடியவில்லை என்று எழுதுவார்கள். அடி வாங்கியது அவள், பிள்ளையை இழப்பதும் அவள். இது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் என்பதால் அடுத்த பெண் போலீஸைக் கூப்பிடவே மாட்டாள். அவளுடைய பாட்டியை இதே மாதிரி ஒரு காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவள் வேறு. போதாக்குறைக்கு விக்டோரியாவில் பிள்ளை பிறப்பதற்கு முன்பே கர்ப்பிணியைப் பற்றித் துறைக்குத் தகவல் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. உதவி கேட்டால் பிள்ளை போய்விடும் என்ற பயத்தில் கர்ப்ப காலப் பரிசோதனைக்கே போகத் தயங்கும் பெண்களைக் குறைசொல்லி என்ன ஆகப்போகிறது?

இதற்கெல்லாம் ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் எரிச்சலூட்டுவது. பூர்வகுடிக் குழந்தையை வீட்டிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமானால் முதலில் உறவினரிடம், இல்லாவிட்டால் அதே சமூகத்தில், அதுவும் இல்லாவிட்டால் வேறு பூர்வகுடிக் குடும்பத்தில், கடைசியாகத்தான் வெளியே என்று ஒரு கொள்கை. 1970களில் பூர்வகுடி அமைப்புகளே போராடிக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1978இல் வந்த செவ்விந்தியக் குழந்தைகள் நலச் சட்டத்தின் பாதிப்பும் அதில் உண்டு. இன்று எல்லா மாநிலச் சட்டங்களிலும் ஏதோ ஒரு வடிவில் எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் அது வெறும் இடம் பார்க்கிற விதி இல்லை. பிரிக்காமல் தடுப்பது, முடிவெடுப்பதில் சமூக அமைப்பைச் சேர்ப்பது, குழந்தையும் குடும்பமும் பங்கேற்பது, உறவையும் ஊரையும் விடாமல் வைத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். நடைமுறையில் அதிகாரிகள் இடத்தை மட்டும் பார்த்து டிக் அடிக்கிறார்கள்.

2019இல் நியூ சவுத் வேல்ஸில் பேராசிரியர் மேகன் டேவிஸ் தலைமையில் ஓர் ஆய்வு வந்தது. ஒரே ஆண்டில் பராமரிப்புக்குள் வந்த 1,144 பூர்வகுடிக் குழந்தைகளின் ஃபைல்கள். அதில் அவர் கண்டுபிடித்ததை நம் மொழியில் சொன்னால் சடங்கு. கலந்தாலோசிக்க வேண்டும் என்று விதி, ஆலோசித்ததாக ஃபைலில் ஒரு வரி. பண்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்று விதி, ஒரு குழந்தைக்கு எழுதியதை வெட்டி ஒட்டி இன்னொரு குழந்தைக்கு. உறவினரைத் தேட வேண்டும் என்று விதி, இரண்டு போன் செய்துவிட்டு “யாரும் கிடைக்கவில்லை”. பாட்டி கிடைத்தாலும் அவருக்கு இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு போலீஸ் ரெக்கார்டு இருக்கும், அல்லது வீட்டில் ஒரு அறை குறையும். 2014இல் அதே மாநிலத்தின் கன்னடா என்ற சிறு நகரத்தில் பாட்டிமார்களே தெருவில் இறங்கி ஓர் இயக்கம் தொடங்கினார்கள் என்றால் சும்மா இல்லை.

சரி, விக்டோரியாவுக்கு வருவோம். இந்த மாநிலத்தில் பூர்வகுடிக் குழந்தை பற்றி முக்கியமான முடிவு எடுக்கும் முன் வாக்கா போன்ற அமைப்பின் ஆலோசனைப் பிரிவைக் கேட்டே ஆக வேண்டும். கேட்பார்கள். ஆலோசனைப் பிரிவில் இருப்பவருக்கு அந்தக் குடும்பத்தை மூன்று தலைமுறையாகத் தெரிந்திருக்கலாம், “அத்தை ஒருத்தர் மில்டுராவில் இருக்கிறார், அவரிடம் விடுங்கள்” என்று சொல்லலாம். கேட்டுவிட்டுத் துறை அதிகாரி வேறு முடிவு எடுத்தால் அதுதான் முடிவு. கருத்துக் கேட்டாயிற்று, விதி நிறைவேறிவிட்டது. இந்த இடத்தில்தான் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள், இளையோர், குடும்பங்கள் சட்டத்தின் 18ஆவது பிரிவு வருகிறது.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: நீதிமன்றப் பாதுகாப்பு ஆணையின் கீழ் இருக்கும் பூர்வகுடிக் குழந்தை விஷயத்தில், துறைச் செயலாளருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பொறுப்புகளையும் அதிகாரங்களையும் ஒரு பூர்வகுடி அமைப்பின் தலைமை அதிகாரிக்கு மாற்றிக் கொடுக்கலாம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். துறை அதிகாரி ஒருவரைப் பூர்வகுடி அமைப்புக்கு அனுப்புவதும், ஒப்பந்தம் போட்டுக் கொஞ்சம் வேலையை வெளியே கொடுப்பதும் நிறைய நாடுகளில் உண்டு. இதில் அப்படி இல்லை, சட்டப்படி செயலாளர் நிற்க வேண்டிய இடத்தில் பூர்வகுடி அமைப்பின் தலைவர் நிற்கிறார். குழந்தை எங்கே இருக்கலாம், அம்மாவை வாரத்துக்கு எத்தனை முறை பார்க்கலாம், எந்தப் பள்ளி, எப்போது வீட்டுக்குத் திரும்பலாம் என்று நீதிமன்றத்திடம் சொல்வது யார், எல்லாவற்றிலும் கையெழுத்து இவருடையது. ஆணை போடும் அதிகாரம் மட்டும் நீதிமன்றத்திடமே இருக்கிறது.

சட்டம் 2005இல் வந்தாலும் பிரிவு தூங்கிக்கொண்டிருந்தது. 2013வாக்கில்தான் ஒத்திகை மாதிரி ஒரு முயற்சி, அதாவது அதிகாரம் துறையிடமே இருக்க, இருந்தால் என்ன முடிவெடுப்போம் என்று வாக்கா செய்து பார்த்தது. 2017 நவம்பரில் முழு அதிகாரத்தோடு முதல் அங்கீகாரம். மியூரியல் பாம்ப்லெட் 1999இலிருந்து வாக்காவின் தலைவர். இந்த நாட்டில் இப்படி ஓர் அதிகாரம் பூர்வகுடி அமைப்பின் தலைவர் கைக்கு முதல் முறையாக வந்தது அப்போதுதான். 2019இல் பெண்டிகோ வட்டாரப் பூர்வகுடிக் கூட்டுறவு அமைப்பு இரண்டாவதாகச் சேர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் சில.

வேலை எப்படி மாறுகிறது? முதலில் குடும்பத்தைத் தேடுவது. துறை அதிகாரிக்கு உறவினர் என்றால் அம்மா வழி, அப்பா வழி, போன் எண் இருந்தால் ஒரு சித்தி. பூர்வகுடி அமைப்பின் ஊழியர் குலம், ஊர் என்று பிடித்துக்கொண்டு போய் ஐம்பது பேரைக் கண்டுபிடிப்பார். அடுத்தது, அம்மாவும் அப்பாவும் மேசையில் உட்காரத் தயாராக இருப்பார்கள், ஏனென்றால் எதிரே இருப்பவர் தன் பிள்ளையைப் பறிக்க வந்த அரசாங்கம் என்ற எண்ணம் கொஞ்சம் தளர்கிறது. குடும்பத்தோடு திரும்பச் சேரும் குழந்தைகள் இந்த வழியில் கூடுதலாக இருப்பதாக அமைப்புகள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. நல்லது. ஆனால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் இது விளம்பரக் கட்டுரை ஆகிவிடும்.

முதல் சிக்கல், அதிகாரம் எந்தக் கட்டத்தில் கைமாறுகிறது என்பது. தகவல் வருவது, விசாரணை, ஆபத்து உறுதியாவது, நீதிமன்றம், ஆணை. இவ்வளவும் துறை கையில். எல்லாம் முடிந்து பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகுதான் 18ஆவது பிரிவு. வாசலில் யாரை உள்ளே இழுப்பது என்று துறை தீர்மானிக்கும், உள்ளே வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பப் பாடுபடுவது பூர்வகுடி அமைப்பு. இந்தக் குறை அவர்களுக்கே நன்றாகத் தெரியும், அதனால்தான் விடாமல் கேட்டார்கள். 2023இல் சட்டத் திருத்தம் வந்து, தகவலை விசாரிக்கும் அதிகாரத்தையும் பூர்வகுடி அமைப்புக்குக் கொடுக்கலாம் என்று ஆனது. என்னைக் கேட்டால் 2017ஐவிட இதுதான் பெரிய மாற்றம்.

இரண்டாவது சிக்கல் அதிலிருந்தே வருகிறது. விசாரணை அதிகாரம் வந்தால் பிள்ளையை எடுக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போகும் நாளும் வரும். அன்றைக்குக் கதவைத் தட்டுவது அதே பூர்வகுடிச் சமூகத்தின் ஆள். “நம்ம ஆளே வந்து பிள்ளையைத் தூக்குறானா” என்ற வார்த்தையைச் சின்ன ஊரில், அடுத்த இழவு வீட்டில் எதிரெதிரே உட்காரப்போகிற ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அரசு கட்டிய அமைப்பில் இன்னொரு அடுக்காக நாம் ஏன் போய் உட்கார வேண்டும், தனிச் சட்டம், தனி ஏற்பாடு என்று கேட்பதுதான் சரி என்று பூர்வகுடியினரிலேயே ஒரு தரப்பு சொல்வது இதனால்தான். அதோடு ஏதாவது ஒரு குழந்தைக்கு விபரீதம் நடந்தால்? துறையின் கீழ் நடந்தால் அது துறையின் தவறு, பூர்வகுடி அமைப்பின் கீழ் நடந்தால் “இவர்களிடம் கொடுத்ததே தப்பு” என்று மொத்த ஏற்பாட்டின் மேலும் பழி விழும். ஒரு அமைச்சர் பயந்தால் போதும், அதிகாரம் திரும்ப வாங்கப்படும், ஏனென்றால் கொடுத்தது செயலாளர், திரும்ப எடுப்பதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது.

கொடுக்கப்பட்ட அதிகாரம் எவ்வளவு எளிதில் கரையும் என்பதற்கு நியூசிலாந்தைப் பார்க்கலாம். 1980களில் ஜான் ரங்கிஹாவ் தலைமையில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள், சமூகநலத் துறை நிறுவன அளவில் இனப்பாகுபாடு காட்டுகிறது என்று அப்பட்டமாகச் சொன்ன அறிக்கை. 1989இல் சட்டம் வந்தது. குழந்தை ஆபத்தில் இருந்தாலும் சரி, தப்பு செய்திருந்தாலும் சரி, முதலில் விரிந்த குடும்பம் ஒன்றுகூடி, அதிகாரிகளை வெளியே அனுப்பிவிட்டுத் தங்களுக்குள் பேசித் திட்டம் சொல்ல வேண்டும். குடும்பக் கூட்டம் என்ற இந்த முறையை உலகமே காப்பியடித்தது. அந்த நாட்டிலேயே, குடும்பம் போட்ட திட்டத்துக்குப் பணமும் ஆளும் போதிய அளவு வரவில்லை, முறை மெலிந்துகொண்டே போயிற்று. 2019இல் ஹேஸ்டிங்ஸ் மருத்துவமனையில் ஒரு மாவோரித் தாயிடமிருந்து பச்சைக் குழந்தையை எடுக்கத் துறை முயன்ற வீடியோ வெளியாகி நாடே கொந்தளித்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் மாவோரிக் குழந்தைகள் விஷயத்தில் துறைக்குத் தனிக் கடமைகளை விதிக்கும் 7ஏஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2021இல், மாவோரிகளுக்கு அரசு கொடுத்த ஒப்பந்த வாக்குறுதிகள் மீறப்பட்டதா என்று விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம், மாவோரிகள் தலைமையில் ஓர் இடைக்கால அதிகாரக் குழுவே வேண்டும் என்றது. 2023இல் ஆட்சி மாறியது. 2025இல் 7ஏஏ பிரிவு நீக்கப்பட்டது. ஆறு வருடம்கூட முழுதாக வாழவில்லை.

கனடா வேறு வழியில் போனது. 2020 ஜனவரியிலிருந்து அங்கே நடைமுறையில் இருக்கும் சட்டம், குழந்தைகள் நலனில் சட்டம் இயற்றும் உரிமையே பூர்வகுடிகளின் சுயாட்சி உரிமையின் பகுதி என்று ஏற்கிறது. கியூபெக் மாகாணம் எதிர்த்து வழக்குப் போட்டது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சட்டம் முழுவதும் செல்லும் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. சஸ்காச்சவான் மாகாணத்தில் கவசெஸ் என்ற பூர்வகுடிச் சமூகம் 2021லேயே தன் சொந்தச் சட்டப்படி பொறுப்பை எடுத்துக்கொண்டது. செயலாளர் தருவதும், உரிமையாக இருப்பதும் ஒன்றாகாது. இத்தனைக்கும் கனடாவிலும் பணம் இழுபறிதான். பூர்வகுடிக் குழந்தைகள் சேவைக்கு மத்திய அரசு குறைவாக நிதி கொடுத்ததே பாகுபாடு என்று 2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டியிருந்தது.

இனி சிறார் நீதி. இங்கே கதை இன்னும் கசப்பு.

முதலில் இரண்டு துறைகளும் எங்கே ஒட்டுகின்றன என்று பார்ப்போம். உறவினர் இல்லாமல், வளர்ப்புக் குடும்பமும் கிடைக்காமல் போன பதின்வயதுப் பிள்ளைகளை அரசு சம்பள ஊழியர்கள் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் வைக்கிறது. அங்கே ஒரு பையன் கோபத்தில் கதவை உதைத்து உடைக்கிறான். சொந்த வீடாக இருந்தால் அப்பா கத்துவார், அம்மா அழுவார், மறுநாள் தச்சரைக் கூப்பிடுவார்கள். இங்கே ஊழியர் போலீஸைக் கூப்பிடுகிறார். சொத்துச் சேதம் என்று ஒரு வழக்கு. இரண்டாவது வழக்கு, ஜாமீன் நிபந்தனை மீறல், அப்புறம் தடுப்பு மையம். பிள்ளையைக் காப்பாற்றுவதற்கென்று எடுத்து வந்த வீடே அவனுடைய முதல் எஃப்ஐஆரைத் தருகிறது. இப்படிப் போலீஸைக் கூப்பிடுவதைக் குறைக்க விக்டோரியா 2020இல் தனி ஒப்பந்தமே போட்டது.

நீதிமன்றத்துக்குள் பூர்வகுடித் தலைமை நுழைந்த விதம் அழகானது. தென்கிழக்கு ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர் தங்களைக் கூரி என்று சொல்லிக்கொள்வார்கள். 2002இல் ஷெப்பர்டன் நகரில் கூரி நீதிமன்றம் தொடங்கியது, சிறாருக்கு 2005இல் மெல்பேர்னில். உயர்ந்த மேடை கிடையாது, நீள்வட்ட மேசை. மாஜிஸ்திரேட், இரண்டு மூத்தோர், பையன், அவன் குடும்பம், வழக்கறிஞர், போலீஸ் தரப்பு எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி. தீர்ப்பு மாஜிஸ்திரேட்டுடையது, ஆனால் பேசுவது மூத்தோர்: உன் பாட்டியை எனக்குத் தெரியும், அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் தெரியுமா என்கிற தோரணையில். வெள்ளை மாஜிஸ்திரேட் முன்னால் தலையைக்கூட நிமிர்த்தாத பையன்கள் இங்கே கூனிக் குறுகிப்போவதும் அழுவதும் உண்டு. வழக்கமான நீதிமன்றத்தைவிட இது லேசானது என்று நினைப்பவர்கள் ஒருமுறை அந்த மேசையைப் பற்றிக் கேட்டறிந்தால் போதும். நியூசிலாந்திலும் 2008இல் கிஸ்பர்னில் மாவோரி நீதிபதி ஹீமி தௌமௌனு, மாவோரி சபைக்கூடத்திலேயே இளையோர் நீதிமன்றத்தைக் கூட்டினார்.

ஆனால் கவனியுங்கள், மூத்தோருக்கு இங்கேயும் பேச்சுரிமைதான், கையெழுத்து இல்லை. கைது, ஜாமீன் விஷயங்களில் 18ஆவது பிரிவுக்கு நிகரான ஒன்று விக்டோரியாவில் கிடையாது. யாரைக் கைதுசெய்வது என்று போலீஸ் தீர்மானிக்கிறது, ஜாமீன் சட்டத்தைத் தேர்தல் தீர்மானிக்கிறது. ஒரு கார் திருட்டு வீடியோ டிவியில் நாலு நாள் ஓடினால், பத்து வருட ஆய்வு காற்றில் போய்விடும்.

குற்றப் பொறுப்பு வயதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியில் 10 வயதுப் பிள்ளையைக் கைதுசெய்யலாம், நாலாம் ஐந்தாம் வகுப்பு வயது. வட பிரதேசம் 2023இல் அதை 12 ஆக்கியது. அங்கே தடுப்பு மையத்தில் இருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே பூர்வகுடிகள். 2016இல் டான் டேல் மையத்தில் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதம் தொலைக்காட்சியில் வெளியாகி, மறுநாளே பிரதமர் ராயல் கமிஷன் அறிவித்த இடம் அது. அந்தக் கமிஷன் 2017இல் மூடச் சொன்ன டான் டேல் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இயங்கியது. 2024இல் ஆட்சி மாறியதும் முதல் வேலையாக வயதைத் திரும்பவும் 10க்கு இறக்கினார்கள். குயின்ஸ்லாந்து அதே டிசம்பரில், சில குற்றங்களுக்குச் சிறாருக்கும் பெரியவர்களுக்குரிய தண்டனை என்று சட்டம் போட்டது, அதற்காகத் தன் சொந்த மனித உரிமைச் சட்டத்தையே ஒதுக்கி வைத்துவிட்டு. தலைநகரப் பிரதேசம் மட்டும் 2025 ஜூலையில், சில கடுமையான குற்றங்களை விலக்கிவிட்டு, 14க்குப் போனது. விக்டோரியா 12 ஆக்கியது. 14 ஆக்குவோம் என்று கொடுத்த வாக்கை 2024 ஆகஸ்டில் கைவிட்டது.

இதற்கு நடுவில் சத்தமில்லாமல் வேலை செய்த ஓர் ஊரும் உண்டு. நியூ சவுத் வேல்ஸின் உள்பகுதியில் டார்லிங் ஆற்றங்கரையில் போர்க் என்ற சிறு நகரம். பல மொழிக் குழுக்களைச் சேர்ந்த பூர்வகுடியினர் தங்களுக்கென்று ஒரு பேரவை வைத்து, 2013லிருந்து மரங்குகா என்ற திட்டத்தை நடத்துகிறார்கள். சிறைக்குச் செலவாகும் பணத்தைச் சிறைக்கு வர வைக்கும் காரணங்களில் செலவு செய்வது என்பது அடிப்படை. காலையில் போலீஸும் பள்ளியும் சமூக ஊழியர்களும் சேர்ந்து, நேற்றிரவு எந்த வீட்டில் என்ன நடந்தது, இன்று யார் அங்கே போவது என்று பேசுவார்கள். ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டி மாட்டிக்கொள்வது அங்கே ஜெயிலுக்குப் போகிற பெரிய வழி என்று தரவில் தெரிந்ததும் உரிமம் எடுத்துத் தரும் திட்டம் தொடங்கினார்கள். கேபிஎம்ஜி நிறுவனம் 2018இல் மதிப்பிட்டபோது குடும்ப வன்முறைக் குற்றங்கள் 23 சதவீதம் குறைந்திருந்தன, சிறார் மீதான முக்கியமான ஐந்து வகைக் குற்றச்சாட்டுகள் 38 சதவீதம் குறைந்திருந்தன, பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியில் நிற்பவர்கள் 31 சதவீதம் கூடியிருந்தார்கள். ஒரே ஊர், சில ஆண்டுக் கணக்கு, அதனால் எல்லா இடத்துக்கும் மருந்து என்று தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனால் தரவு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கிறது என்பதற்கு அந்த உரிம விஷயம் ஒன்றே போதும்.

விக்டோரியாவில் யூருக் உண்மை விசாரணை ஆணையம் 2023 செப்டம்பரில் இந்த இரண்டு துறைகளையும் ஒரே அறிக்கையில் வைத்து 46 பரிந்துரைகள் கொடுத்தது. முடிவெடுக்கும் அதிகாரத்தையும் பணத்தையும் பூர்வகுடிகளிடம் மாற்றுங்கள் என்பதுதான் சாரம். 2024 ஏப்ரலில் அரசு பதில் சொன்னது: முழுமையாக ஏற்றது 4. “கொள்கை அளவில்” 24, பரிசீலனையில் 15, நிராகரிப்பு 3. அரசாங்கக் கடிதம் படித்துப் பழகியவர்களுக்குக் கொள்கை அளவில் என்றால் என்னவென்று தெரியும்.

தேசிய அளவில் 2020இல் எல்லா அரசுகளும் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியோடு கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 2031க்குள் பராமரிப்பில் இருக்கும் பூர்வகுடிக் குழந்தைகளின் மிகையான விகிதத்தை 45 சதவீதமும், தடுப்பு மையத்தில் இருப்போர் விகிதத்தைக் குறைந்தது 30 சதவீதமும் குறைப்பதாக இலக்கு. அரசுகள் வேலை செய்யும் விதத்தை மாற்றவே இல்லை, பழையபடியே நடக்கிறது என்று மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான உற்பத்தித்திறன் ஆணையம் 2024 தொடக்கத்தில் எழுதிவிட்டது. பூர்வகுடிக் குழந்தைகளுக்கென்று தேசிய ஆணையர் பதவி ஒன்று 2025 ஜனவரியில்தான் வந்தது.

அதே 2025 மார்ச்சில் விக்டோரியா ஜாமீன் சட்டத்தை இறுக்கியது. சிறாரைக் காவலில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்ற வாசகம் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதாவது வாக்காவின் தலைவர் கையெழுத்துப் போட்டு, அத்தை ஒருத்தரைத் தேடிப் பிடித்து, ஒரு பதினான்கு வயதுப் பையனை அவர் வீட்டில் விட முடியும். அடுத்த வாரம் அவன் பிடிபட்டால் அன்றிரவு அவன் அத்தை வீட்டில் படுப்பானா, தடுப்பு மையத்திலா என்பதில் அந்த அமைப்புக்குச் சட்டப்படி எந்தக் கையெழுத்தும் கிடையாது.